குரல் யாருடையது? முகம் யாருடையது?



டெங்கிலிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் ஒரு வாரமாக வழக்கு நடக்கிறதாம். வாதி, அவருடைய மாமனார். முப்பது வருடம் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். பிரதிவாதி, அவருடைய மகன். கோலாலம்பூரில் படிக்கிறவன், எந்நேரமும் கித்தாரும் கையுமாக இருப்பவன். தொலைக்காட்சியில் பி. ரம்லியின் பழைய படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது பேரன் வாயைத் திறந்திருக்கிறான்.

"இது என்ன தாத்தா, சும்மா வாயை அசைக்கிற பாட்டு! எல்விஸ் பிரஸ்லி படத்தைப் பாருங்க. பாடுறவனே நடிக்கிறான், நடிக்கிறவனே பாடுறான்."

தாத்தாவுக்கு வந்ததே கோபம்! "எங்க ரம்லி மட்டும் வாடகைத் தொண்டையிலயா பாடினாரு?"

"மாமாவையும் மகனையும் சமாதானப்படுத்த என்னால் முடியவில்லை. நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்" என்று முடித்திருக்கிறார் சகோதரி.

தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? தாத்தா சொன்னதும் சரி, பேரன் சொன்னதும் சரி. ஆனால் இருவருமே பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மீதிப் பாதி திரைக்குப் பின்னால் இருக்கிறது.

திரைக்குப் பின்னால் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் தோட்டத்துத் திடலில் எப்போதாவது படம் காட்டுவார்கள். இரண்டு கம்பம் நட்டு, நடுவே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவார்கள். பொழுது சாய்வதற்கு முன்பே பெண்கள் பாயோடு வந்து முன்பக்கம் இடம் பிடித்துவிடுவார்கள். பொடியன்களான எங்களுக்குத் துணிக்குப் பின்பக்கம்தான் கிடைக்கும். அங்கேயும் படம் தெரியும். ஆனால் இடம் வலமாகத் தெரியும். வலது கையால் கத்தி வீசுகிற கதாநாயகன் எங்களுக்கு இடது கைக்காரன். எழுத்துகளெல்லாம் தலைகீழ்ப் பாடம். பி. ரம்லியை நான் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான், பின்பக்கத்திலிருந்து! ஆனால் குரலுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டா? அது எங்களுக்கும் நேராகத்தான் வந்தது.

அந்தச் சகோதரியின் கடிதம் இன்னொன்றையும் கிளறிவிட்டது. நான் செய்த ஒரு பழைய குற்றம். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வழக்கைக் கவனிப்போம்.

பேரன் கட்சி

1956ஆம் ஆண்டு. எல்விஸ் பிரஸ்லிக்கு வயது 21. ராக் அண்ட் ரோல் பாட்டால் அமெரிக்காவே ஆடிக்கொண்டிருந்த நேரம். ட்வென்டியத் செஞ்சுரி பாக்ஸ் கம்பெனி அவரை நடிக்க அழைத்தது. படத்தின் பெயர் 'தி ரெனோ பிரதர்ஸ்'. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துக் கதை. நாயகன் ரிச்சர்ட் ஈகன், நாயகி டெப்ரா பேஜட். எல்விசுக்கு நாயகனின் தம்பி வேடம். பெயர்ப் பட்டியலில் மூன்றாவது இடம்!

கதையில் பாட்டுக்கு இடமே இல்லை. ஆனால் பாட்டுக்காரனைக் கூப்பிட்டுவிட்டு வாயைக் கட்டிப்போட முடியுமா? நாலு பாட்டுகளைச் செருகினார்கள். மேடையில் அவரோடு வாசித்து வந்த சொந்த வாத்தியக்காரர்களை விட்டுவிட்டு, ஸ்டூடியோ வாத்தியக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார்கள்.

அந்த நாலு பாட்டுகளில் ஒன்றின் மெட்டு 1861இல் வந்த 'ஆரா லீ' என்ற பழைய பாட்டின் மெட்டு. அதற்குப் புதிதாக வரிகள் எழுதியவர் கென் டார்பி. ஆனால் ரிக்கார்டில் அவர் பெயர் இல்லை! அவருடைய மனைவி வீரா மேட்சன் பெயரும் எல்விஸ் பெயரும்தான் அச்சாகியிருந்தன. எழுதியவர் ஒருவர், பெயர் வேறொருவருக்கு. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1956 செப்டம்பர் 9ஆம் தேதி எட் சலிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எல்விஸ் அந்தப் பாட்டைப் பாடினார். ரிக்கார்டு கடைக்கு வருமுன்பே பத்து லட்சத்துக்கு மேல் கேட்டு எழுதிவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? படத்தின் பெயரையே மாற்றிவிட்டார்கள். 'தி ரெனோ பிரதர்ஸ்' போய், பாட்டின் பெயரான 'லவ் மீ டெண்டர்' வந்தது. கதைப்படி எல்விஸ் கடைசியில் இறந்துபோகிறார். ரசிகர்கள் தாங்குவார்களா? அதனால் முடிவுக் காட்சியின்மேல் அவர் பாடுகிற உருவத்தை நிழல்போலப் பதித்து அனுப்பினார்கள். செத்தவர் வானத்திலிருந்து பாடுகிற மாதிரி! அந்த ஆண்டு நவம்பரில் படம் வெளிவந்தது.

ஆக, ராக் அண்ட் ரோல் மன்னருக்கே முதல் படத்தில் கிடைத்தது ஒட்டுப்போட்ட இடம்தான். பாட்டுக்காரனின் குரலைச் சினிமா விரும்பியது. ஆளை இன்னும் நம்பவில்லை.

அந்த நம்பிக்கை வந்தது மறு வருடம், 1957இல், 'ஜெயில்ஹவுஸ் ராக்' படத்தில். எம்.ஜி.எம். கம்பெனி எடுத்த படம் அது. சிறைச்சாலை நடனத்துக்கு அலெக்ஸ் ரொமேரோ என்ற நடன ஆசிரியர் வந்தார். அவர் முதலில் சொல்லிக் கொடுத்த அடிகள் எல்விசுக்கு ஒட்டவில்லை. ரொமேரோ கோபித்துக்கொள்ளவில்லை. மேடையில் எப்படி ஆடுவாயோ அப்படியே ஆடிக் காட்டு என்று பாடச் சொல்லிப் பார்த்தார். பார்த்ததை வைத்து நடனத்தையே புதிதாக அமைத்தார். இன்றுவரை பேசப்படுவது அந்த நடனம்தான்.

அந்தப் படத்துச் சங்கதிகள் இன்னும் உண்டு. ஜெரி லீபர், மைக் ஸ்டோலர் என்ற இரண்டு இளைஞர்களைப் பாட்டு எழுதச் சொன்னால், அவர்கள் நியூயார்க்கைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே நாளைக் கடத்தினார்கள். பதிப்பகக்காரர் ஒரு நாள் அவர்களுடைய ஓட்டல் அறைக்கு வந்து, கதவுக்குக் குறுக்கே சோபாவை இழுத்துப் போட்டு, அதிலேயே உட்கார்ந்துவிட்டார். பாட்டு வராமல் வெளியே விடமாட்டேன் என்றார். சில மணி நேரத்தில் நாலு பாட்டு வந்துவிட்டது! படத்தில் பியானோ வாசிப்பவராக வருகிறவர் அந்த ஸ்டோலரேதான். நடன ஒத்திகையில் எல்விசின் பல்மேல் போட்டிருந்த உறை கழன்று நுரையீரலுக்குள் போய்விட, ஆஸ்பத்திரியில் எடுக்க வேண்டியதாயிற்று. நாயகியாக நடித்த ஜூடி டைலர், படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில், 1957 ஜூலையில், கணவரோடு கார் விபத்தில் இறந்தார். தாம் நடித்த படம் வெளிவந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பேரப்பிள்ளை ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்விசும் படத்தில் வாயைத்தான் அசைத்தார். பாட்டை முதலிலேயே பதிவு செய்துவிட்டு, படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு நடிப்பதுதான் அங்கும் முறை. ஒரே ஒரு வித்தியாசம்: அசைந்த வாயும் ஒலித்த குரலும் ஒருவருடையவை.

தாத்தா கட்சி

இனி நம் ரம்லிக்கு வருவோம்.

பினாங்கில் 1929 மார்ச் 22இல் பிறந்தவர். அப்பா சுமத்ராவின் அச்சேயிலிருந்து வந்த கப்பல்காரர். ரம்லி என்ற பெயருக்கு முன்னால் இருக்கிற 'பி' என்ன என்று நினைக்கிறீர்கள்? அப்பாவின் பெயரான 'புத்தே'யின் முதல் எழுத்து. நாம் அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்வதில்லையா, அதே மாதிரிதான்!

பையனுக்குப் படிப்பைவிடப் பாட்டில்தான் நாட்டம். வயலின், பியானோ என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கற்றுக்கொண்டார். ரேடியோ மலாயா வட மாநிலங்களுக்கு நடத்திய பாட்டுப் போட்டியில் 1947இல் முதலிடம் பெற்றார். மறு வருடம் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு விழா மேடையில் பாடிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அவர்தான் டைரக்டர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ். பஞ்சாபிலிருந்து வந்தவர். 1934இலேயே சிங்கப்பூரில் மலாய் மொழியில் 'லைலா மஜ்னூன்' படத்தை எடுத்தவர். அவர் அழைப்பின் பேரில் 1948 ஆகஸ்டில் பத்தொன்பது வயது ரம்லி சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்.

அங்கே பாலஸ்தியர் ரோட்டுக்குப் பக்கத்தில் ஜாலான் அம்பாஸ் என்று ஒரு சின்னச் சாலை. அதில்தான் ஷா சகோதரர்களின் மலாய் பிலிம் புரொடக்ஷன்ஸ் ஸ்டூடியோ. முதல் போட்டவர்கள் சீனர்கள். டைரக்டர்கள் இந்தியர்கள். நடிகர்கள் மலாய்க்காரர்கள். டைரக்டர் ஒரு மொழியில் எழுதுவார். அதை மலாய்க்கு மாற்றி நடிகர்கள் பேசுவார்கள். இந்த நாட்டைப் போலவே அந்த ஸ்டூடியோவும் பல மொழி பேசிய ஒரு வீடு!

இந்திய டைரக்டர்களோடு சேர்ந்து இன்னொன்றும் கப்பலேறி வந்திருந்தது. அதுதான் பின்னணிப் பாட்டு. நம் தமிழ்ப் படங்களில் முதலில் பாடத் தெரிந்தவர்தான் நாயகனாக முடியும். எம். கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டதே, எதனால்? பாட்டினால்! ஆனால் அதற்கு முன்பே, 1938இல் ஏவி. மெய்யப்பன் எடுத்த 'நந்தகுமார்' படத்தில், ஒருவர் நடிக்க இன்னொருவர் பாடும் முறை தமிழுக்கு வந்துவிட்டது. அதன் பிறகு, அழகான முகத்துக்கு இனிமையான குரலை வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து ஒட்ட முடிந்தது.

ரம்லிக்கு நடந்தது அதுதான். அவருடைய முதல் படம் 1948இல் வந்த 'சிந்தா'. ராஜ்ஹான்சே டைரக்டர். நாயகன் ரூமாய் நூர், நாயகி சிபுட் சராவாக். ரம்லிக்குக் கொடுத்த வேடம் வில்லன்! ஆனால் குரலை விட்டுவிட மனம் வருமா? நாயகன் ரூமாய் நூர் பாடுகிற காட்சிகளில் ஒலித்தது யார் குரல் என்கிறீர்கள்? வில்லன் குரல்தான்!

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஒரே படத்தில் ஒரே மனிதர். திரையில் அவர் முகம் வரும்போது ஜனங்கள் திட்டினார்கள். அவர் குரல் வரும்போது ஜனங்கள் உருகினார்கள். அந்த முகமும் இந்தக் குரலும் ஒருவருடையவை என்று கொட்டகையில் இருந்த எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அடுத்த வருடமும் சிறு வேடங்கள்தான் கிடைத்தன. முகத்தில் பரு அதிகம், நாயகனுக்கேற்ற முகவெட்டு இல்லை என்பது அந்தக் காலத்துக் கணக்கு என்று சொல்வார்கள்.

நம்மவர் ஒருவர் போட்ட முடிச்சு

இந்த இடத்தில்தான் நம்மவர் ஒருவர் வருகிறார். பெயர் எல். கிருஷ்ணன். 1922இல் சென்னையில் பிறந்து, சிறு வயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்தவர். போருக்குப் பிறகு சென்னை சென்று திரைப்படத் தொழிலைக் கற்றுக்கொண்டு, ஜாலான் அம்பாசுக்கு டைரக்டராக வந்தார். பினாங்கில் வளர்ந்தவருக்கு மலாய் சொல்லித்தர வேண்டுமா? இந்தியாவிலிருந்து நேராக வந்த டைரக்டர்களுக்கு இல்லாத வசதி அது. நடிகர் பேசுவதையும் பாடுவதையும் அவரால் இடையில் ஆளில்லாமல் நேராகக் கேட்க முடிந்தது.

1950இல் அவர் எடுத்த படம் 'பக்தி'. ஆமாம், நம் 'பக்தி' என்ற சொல்லேதான். மலாய் மொழியிலும் தொண்டு, விசுவாசம் என்ற பொருளில் வழங்குகிறது. அந்தப் படத்தில் பி. ரம்லியை முதல் தடவையாகக் கதாநாயகன் ஆக்கினார் கிருஷ்ணன். ஆக்கியதோடு விடவில்லை. ரம்லியின் குரலை ரம்லியின் வாய்க்கே கொடுத்தார்!

இன்று கேட்டால் இது ஒரு பெரிய காரியமா என்று தோன்றும். அன்றைக்கு இது ஒரு துணிச்சல். படம் ஓடாவிட்டால் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் டைரக்டர். இருபத்தெட்டு வயது டைரக்டர், இருபத்தொரு வயதுப் பாடகனை நம்பினார். அங்கே எல்விசுக்கு ரொமேரோ செய்ததைத்தான் இங்கே ரம்லிக்குக் கிருஷ்ணன் ஏழு வருடம் முன்பே செய்துவிட்டார்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதை. 1955இல் 'பெனாரிக் பெச்சா' படத்தை ரம்லியே டைரக்ட் செய்தார். பணி மஜும்தார் எடுத்த 'அனாக்கு சசாலி'யில் தகப்பனாகவும் மகனாகவும் நடித்து, 1957இல் டோக்கியோ ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள், நூற்றுக்கணக்கான பாட்டுகள்! ரம்லியை மலாய்க்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், கொண்டாட வேண்டியதுதான். அந்த மாலையின் முதல் முடிச்சைப் போட்ட விரல் ஒரு தமிழருடையது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோமா?

தமிழ்நாட்டிலும் இப்படி ஒருவர் இருந்தார். நம் ஜே. பி. சந்திரபாபுதான்! தூத்துக்குடியில் பிறந்து, கொழும்பில் படித்து, மேல்நாட்டுப் பாட்டைத் தொண்டையில் ஏற்றிக்கொண்டு சென்னைக்கு வந்தவர். ஸ்டூடியோ வாசல்களில் காத்துக் கிடந்து, மனம் வெறுத்து உயிரையே விடத் துணிந்து, பிழைத்தவர். 1954இல் ஏவி.எம். எடுத்த 'பெண்' படத்தில் எஸ். பாலசந்தர் கல்யாண ஆசையோடு துள்ளிக் குதித்துப் பாடுகிறாரே, அந்தக் குரல் சந்திரபாபுவுடையது. பாலசந்தரோ பெரிய வீணை வித்வான், சங்கீதம் அறியாதவரல்ல. அவருக்கே இரவல் குரல் தேவைப்பட்டது. அந்த மேல்நாட்டுக் குழைவு சந்திரபாபுவிடம்தான் இருந்தது. 1958இல் 'பதிபக்தி'யில் ராக் அண்ட் ரோல் பாட்டையே பாடினார். அதே வருடம் 'சபாஷ் மீனா'வில் இரட்டை வேடம் போட்டு, முகமும் குரலும் தம்முடையவைதான் என்று ஊரறியச் செய்தார்.

காலம் மாறியது

ஆனால் சினிமாவும் பாட்டும் யாருக்கு நிலையாக நின்றன? கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவும் 1961இல் சிங்கப்பூர் வந்து போன பிறகு, இளைஞர்கள் கையில் மின்சாரக் கித்தார் ஏறியது. பிறகு பீட்டில்ஸ் அலை. மலாய்ப் பையன்கள் குழுக் குழுவாகச் சேர்ந்து 'பாப் யே யே' என்று ஆடினார்கள். ரம்லியும் சும்மா இருக்கவில்லை. 1964இல் வந்த 'தீகா அப்துல்' படத்தில் கித்தாரைப் பற்றியே ஒரு டுவிஸ்ட் பாட்டுப் பாடினார். அதே வருடம் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு, உலு கிளாங்கில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவுக்கு வந்தார். அங்கே 1968இல் ஒரு மலாய் ஓவியனும் லீலா என்ற இந்தியப் பெண்ணும் காதலித்து மணக்கிற 'கெரிமிஸ்' படத்தை எடுத்தார். ஆனால் கூட்டம் வேறு பக்கம் போய்விட்டது. 1973 மே 29இல், 44ஆம் வயதில், மனம் தளர்ந்த நிலையில் காலமானார். டான்ஸ்ரீ பட்டம் 1990இல் கிடைத்தது, இறந்து பதினேழு வருடம் கழித்து! சந்திரபாபு அடுத்த வருடம், 1974இல் போனார். எல்விஸ் 1977இல். மூன்று பேரும் ஐம்பதைத் தொடவில்லை.

சகோதரியே, தீர்ப்பு இதுதான். மாமாவிடம் சொல்லுங்கள்: ரம்லி சொந்தக் குரலில்தான் பாடினார், ஆனால் முதல் படத்தில் அந்தக் குரலை இன்னொருவர் முகத்துக்குக் கொடுத்துவிட்டு நின்றார். மகனிடம் சொல்லுங்கள்: எல்விசும் முதல் படத்தில் மூன்றாம் இடத்தில்தான் நின்றார். வழக்குத் தள்ளுபடி! தாத்தாவைப் பாடச் சொல்லி, பேரனைக் கித்தார் வாசிக்கச் சொல்லுங்கள்.

என் குற்றம்

இனி, சொல்வதாக ஒப்புக்கொண்டதைச் சொல்கிறேன்.

1971. டெங்கிலுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். இன்று அந்தத் திடலும் இல்லை, லயமும் இல்லை. அப்போது மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு நாடகம் போட்டோம். கதாநாயகன் கிராணியார் வீட்டுப் பையன். நல்ல நிறம், எடுப்பான மூக்கு. பாட்டு மட்டும் வராது. பாட்டு வந்தது இன்னொருவனுக்கு. பால்வெட்டுத் தொழிலாளியின் மகன். கறுத்து மெலிந்த உடம்பு, முகத்தில் அம்மைத் தழும்பு. ஒத்திகையில் ஒருவர் சொன்னார், "இவன் நிக்கட்டும், அவன் பாடட்டும்" என்று. யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

பின்படுதாவுக்குப் பின்னால், ஒரு பால்வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அவனை உட்கார வைத்தோம். கையில் மைக். படுதாவில் ஒரு சின்னக் கிழிசல். அதன் வழியே கதாநாயகனின் முதுகைப் பார்த்துப் பாடினான். ஜனங்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். மாலை விழுந்தது கதாநாயகனுக்கு. விடிந்ததும் பெஞ்சுகளைத் தூக்கி அடுக்கியது பாடியவன்.

நாடக நோட்டீஸ் எழுதியது நான். ஆர்மோனியம் யார், மிருதங்கம் யார், விளக்கு யார், தேநீர் உபயம் யார், எல்லார் பெயரும் அதில் உண்டு. அவன் பெயர் மட்டும் இல்லை. மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை காலமும் சொல்லி வந்தேன். பொய். மறக்கவில்லை. போட்டால் பாடியது வேறு ஆள் என்று தெரிந்துவிடுமே என்று போடவில்லை.

சில மாதங்களுக்கு முன் டெங்கிலில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு முதியவர் தேவாரம் பாடினார். குரல் தளர்ந்திருந்தது. ஆனாலும் அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? பக்கத்தில் நின்ற அவருடைய பேத்தி தன் அம்மாவிடம் கேட்டாள், "தாத்தா பாடுவாங்களா?" என்று. ஐம்பது வருடமாகச் சொந்த வீட்டுக்கே தெரியாமல் இருந்த குரல்!

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நோட்டீஸ் விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்ண்ணே," என்றார்.

"இப்ப நான் பத்திரிகையில எழுதுறேன். உங்க பேரைப் போட்டு எழுதட்டுமா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சிரித்தார்.

"பேரு எதுக்குண்ணே இப்ப? ஒரு நாளைக்கு வீட்டுக்கு வாங்க. அந்தப் பாட்டை இன்னொருக்கப் பாடுறேன். நீங்க முன்னால உட்கார்ந்து கேளுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

வாசகர்களே, உங்கள் தோட்டத்து நாடகத்தில் படுதாவுக்குப் பின்னால் பாடியவர் யார்? இன்னும் இருக்கிறாரா? போய்ப் பாருங்கள். முன்னால் உட்கார்ந்து ஒரு பாட்டுக் கேளுங்கள். அவர் சம்மதித்தால் பெயரோடு எனக்கு எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் போடுகிறேன். இந்த முறை ஒரு பெயரும் விடுபடாது.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.